நித்திரைக் கொழுப்பு

புத்தளத்துத் தில்லையடியில் அந்த ஒழுங்கைக்குள் மட்டும் றிஸ்மியா என்ற பெயரில் மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கடைக்கார முதலாளியின் மகள் ‘வெள்ளை றிஸ்மியா’. மூலை வீட்டுத் தையல்காரியின் மகள் ‘மெசின் றிஸ்மியா’. ஓட்டோ ஓடுகிற முபாரிஸின் மகளுக்கு ஒரு காலத்தில் ‘மான் றிஸ்மியா’ என்று பெயர். எலுவன்குளத்தில் வாப்பாவின் சிநேகிதர் ஒருவர், தன் வயல் வரம்பில் அவள் ஓடியதைப் பார்த்துவிட்டு, காட்டிலிருந்து ஒன்று தப்பி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது, பதினைந்து வயதில், அவளுக்கு ‘குண்டு றிஸ்மியா’ என்று பெயர். ஊர் அவள் பெயரை மாற்றிக்கொண்டது. எப்படி மாறியது என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அவள் படித்த பள்ளிக்கூடத்தின் மைதானம் பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. சின்ன வகுப்பில் இருந்தபோது, பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டியில் அவள் ஓட வருகிறாள் என்றால் மற்ற இல்லத்துப் பிள்ளைகள் இரண்டாம் இடத்துக்குத்தான் சண்டை பிடித்தார்கள். வலய மட்டத்துக்கும் போய்ப் பதக்கத்தோடு வந்தாள். மாகாணத்துக்கும் போவாள் என்று உடற்பயிற்சி டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருசம் இரண்டு காரியங்கள் நடந்தன. உப்பு ஏற்றி வந்த லொறி ஒன்று தடம் மாறி மைதானத்தின் ரோட்டுப் பக்க மதிலை இடித்துச் சரித்தது. அடுத்த மாதம் அவள் பெரிய பிள்ளையானாள்.

மதில் திரும்பக் கட்டப்படும்வரை பெண்பிள்ளைகளுக்கு மைதானம் இல்லை என்று அதிபர் அறிவித்தார். ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்பது காரணம். ஆண்பிள்ளைகள் எப்போதும்போல் பந்து அடித்தார்கள். டவுணில் திரிகிற கழுதைகள் மதில் உடைந்த வழியாகப் படையாக உள்ளே வந்து, புல் மேய்ந்து, புழுதியில் புரண்டு, மனம் வந்தால் ஒரு சுற்று ஓடிவிட்டும் போயின. அவற்றுக்கும் மறைப்புத் தேவைப்படவில்லை. உடற்பயிற்சி டீச்சர் சிலாபத்துக்கு மாற்றலாகிப் போனார். மதில் விழுந்தபடியே கிடந்தது.

றிஸ்மியாவின் உம்மா ஷம்லா இடியப்பம் அவித்து டவுண் ஹோட்டல்களுக்குக் கொடுப்பவள். சுபஹுத் தொழுகைக்கு வெகு முன்னரே எழும்பி மா குழைத்து, இடியப்ப உரலில் புழிந்து, தட்டுத் தட்டாக அவித்து இறக்குவாள். விடியும்போது முபாரிஸ் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவான். முபாரிஸ், வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, ஐந்து வயதில், மன்னாரிலிருந்து குடும்பத்தோடு தோணியில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவன். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, இந்த ஊரில் தனக்கென்று ஒரு வீடும் நாலு பேர் மத்தியில் ஒரு கதிரையும் சம்பாதித்துக்கொண்டவன். அந்தக் கதிரை பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தது. அதை அவன் மிகவும் மதித்தான்.

ஓட்டம் நின்றபின் மகளின் உடம்பு மெல்ல மெல்லத் திரண்டது. அந்த வயதில் பெண்ணுக்கு உடம்பு கொஞ்சம் வைப்பது இயற்கைதான். இது அந்தக் கணக்கைத் தாண்டியது. மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்கியது. சட்டைகளை மெசின் றிஸ்மியாவின் உம்மா பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். பள்ளி விட்டு வந்தால் டியூஷன், டியூஷன் விட்டு வந்தால் மஃரிப் தொழுகை, அதற்குப் பிறகு பாத்திரம் கழுவி வீட்டுப்பாடம் செய்து முடிக்கிறபோது ஊரடங்கிவிடும். அதற்குமேல்தான் அவளுக்கென்று கொஞ்ச நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் போர்வைக்குள் உம்மாவின் போனை வைத்துக்கொண்டு, தூர தேசத்துப் பெண்கள் ஓடுவதைப் பார்ப்பாள். கறுப்புப் பெண்கள், வெள்ளைப் பெண்கள், தலை மூடி ஓடுகிற பெண்கள். பார்த்தபடியே கண் அசந்துபோவாள். அதனால் பகலில் வகுப்பில் தூங்கினாள், பஸ்ஸில் தூங்கினாள், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கதிரையிலேயே தூங்கினாள்.

அப்படி ஒரு பின்னேரம் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் சித்தி மரியம் வந்தாள். சித்தி என்பது அவள் பெயரோடு சேர்ந்தது; முறைக்கு முபாரிஸின் மூத்த ராத்தா, றிஸ்மியாவுக்கு மாமி. அந்தக் குடும்பத்தில் கலியாணம், மௌத்து வீடு, கறியில் உப்பு எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு அவளுடையது. கதிரையில் வாய் திறந்து உறங்குகிற மருமகளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஷம்லா, நானும் சோறு சோறு எண்டுதான் நெனச்சிக்கிட்டு இரிந்தன். இது சோத்துக் கொழுப்பு இல்ல, நித்திரக் கொழுப்பு. பகல்லயே இப்பிடி நித்திர கொள்ளுறவ, ராவையில எவ்வளவு கொள்ளுவா? நித்திர கூடினா ஒடம்பு போடும். இப்பிடியே உட்டா நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன் வாசல் கதவ ஒடச்சிப் பெருப்பிக்கணும்.”

பசியில் இருப்பவன் அடுத்தவன் சோற்றைப் பார்ப்பதைக் கண்டு, இவன் நிறையத் தின்கிறவன் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதோடு, அந்தத் தீர்ப்பு வீட்டுக்கு வசதியாகவும் இருந்தது. இடியப்ப வேலைக்கு இன்னும் இரண்டு கை வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து உம்மா எழும்பும்போதே மகளையும் எழுப்பினார்கள். கொழுப்புக் கரைவதற்காக. அடுப்புச் சூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து அவள் உரலைப் பிடித்து அழுத்தினாள். பகலில் கண்ணை மூடினால் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி மாமியின் உத்தரவு. வெறும் வயிற்றில் தேசிக்காய்ப் புளி விட்ட சுடுதண்ணீர். உறக்கம் குறையக் குறைய அவளுக்குப் பசி பேய்ப் பசியாக மாறியது. அதுவும் சோற்றுப் பசி இல்லை, சீனிப் பசி. இடைவேளையில் கன்ரீனில் சீனி தூவிய பணிஸ், சீனி கட்டியாய் நிற்கிற தேத்தண்ணி. தின்றுவிட்டுத் தன்னையே வெறுத்துக்கொண்டு திரும்பவும் தின்றாள். உடம்பு இறங்கவில்லை, ஏறியது. அதைப் பார்த்து இன்னும் முன்னேரத்திலேயே எழுப்பினார்கள்.

இதே வீட்டில்தான் அவளுடைய தம்பி இன்ஷாப்பும் வளர்ந்தான். அவளை விட ஒரு வயது குறைவு. அதே சட்டியில் அதே சோற்றைத்தான் தின்றான். அவளை விட இரண்டு மடங்கு தின்றான். பின்னேரம் முழுக்கக் களப்புக் கரையில் பந்து அடித்துவிட்டு வந்து, இஷாத் தொழுததும் விழுந்தால் அடுத்த நாள் வெயில் முகத்தில் சுடும்வரை கிடப்பான். ஆள் வேலிக் கம்பு மாதிரி இருந்தான். நித்திரையால்தான் கொழுப்பு வருமென்றால் அந்த வீட்டில் முதலில் ஊதியிருக்க வேண்டியவன் அவன்தான். அவனை யாரும் சுற்றி வந்து பார்க்கவில்லை. ஒரு நாள் றிஸ்மியா அதை மாமியிடம் கேட்டும் பார்த்தாள். ஆம்பிளைப் பிள்ளையின் உடம்பு வேறு என்று மாமி சொன்னாள். எப்படி வேறு என்று கேட்டதற்கு, வாய் காட்டுவதும் கொழுப்புத்தான் என்று பதில் வந்தது.

பிறகொரு நாள் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் குர்ஆன் கிறாஅத் ஓதி முடிந்து அதிபர் பேசத் தொடங்கியபோது அவள் நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாள். நெற்றி சீமெந்துப் படியில் பட்டு வெடித்தது. ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காயத்துக்குத் தையல் போட்ட டொக்டர், முன்னேஸ்வரத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பிள்ளையின் கண்ணுக்குக் கீழ் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று கேட்டார். செய்தி கேட்டு ஓடி வந்திருந்த ஷம்லா பெருமையோடு முந்திக்கொண்டாள். நித்திரையைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்றும், உடம்பு இறங்கட்டும் என்று தானே எழுப்பிவிடுவதாகவும் சொன்னாள்.

டொக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

“அம்மா, நீங்கள் மருந்தையே பறிச்சுப்போட்டு வருத்தத்துக்கு வைத்தியம் செய்யிறீங்கள். இந்த வயசுப் பிள்ளை எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை கொள்ளவேணும். குறைஞ்சால் பசி கூடும், அதுவும் இனிப்புக்குத்தான் கூடும். களைச்ச உடம்பு அசையாது. அசையாட்டி இன்னும் ஏறும். நித்திரை மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்ல இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ரெண்டு சாமான் வேணும். படுக்க விடுங்கோ. ஓட விடுங்கோ.”

இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மகளுக்கும் ஒரு திட்டு விழுந்தது. அது நியாயமான திட்டு. றிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டு ஏற்றாள். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நெற்றியில் பிளாஸ்டரோடு அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். படுக்க விடு, ஓட விடு. ஒரு பெரிய மனிதரின் வாயால் அது வந்துவிட்டது. இனி யார் மறுக்க முடியும்?

முதலில் படுக்கை கிடைத்தது. ஷம்லா கல்மனசுக்காரி இல்லை. தன் கையால்தான் பிள்ளையின் நெற்றி வெடித்தது என்று அவளுக்கு உறைத்தது. மகளை எழுப்பாமல் தனியாகவே இடியப்பம் புழிந்தாள். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சில நாள்களில் றிஸ்மியாவுக்குக் கன்ரீன் பக்கம் கால் போகவில்லை. கணக்குப் பாடத்தில் முதல்முறையாகக் கடைசிவரை விழித்திருந்து, அந்த டீச்சருக்கு இடக்கண் கொஞ்சம் சிறியது என்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தாள். உடம்பு ஒன்றும் உடனே கரைந்துவிடவில்லை. ஆனால் மாடிப் படியில் ஒருநாள் தன்னை அறியாமல் இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஏறிவிட்டுத் திரும்பி நின்று அந்தப் படிகளைப் பார்த்தாள்.

அடுத்தது ஓட்டம். மதில் கட்டினால் மைதானம் உண்டு. சங்கத்தின் கூட்டம் அந்தக் கிழமையே இருந்தது. வாப்பாவை அவள் கெஞ்சவில்லை, டொக்டர் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். முபாரிஸும் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் போனான்.

கூட்டத்தில் நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தின் ஆண்டு நிறைவுக்கு வாசலில் ஒரு வளைவு கட்டுவது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். மேலே திறந்த குர்ஆன் போல ஒரு சீமெந்து வடிவம், கீழே உதவி செய்தவர்களின் பெயர்கள். முபாரிஸ் எழும்பி, மதிலையும் ஒருக்கால் பார்க்கலாமே, பொம்பிளைப் பிள்ளைகள் ஓடியாடாமல் இருக்குதுகள் என்று தொடங்கினான். பின்வரிசையில் ஒருவர், முபாரிஸ்ட மகள் ஓடினா மதில் திரும்ப விழுந்துடும் என்றார். கூட்டம் சிரித்தது. முபாரிஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் கதிரையில் உட்கார்ந்தான். மதில் கதை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து, பார்ப்போம் என்று சொன்னார்கள் என்று மட்டும் மகளிடம் சொன்னான். ஆனால் பின்வரிசைப் பகிடி அவனுக்கு முன்னரே ஒழுங்கைக்குள் வந்துவிட்டிருந்தது. இன்ஷாப் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே சொல்லிக் காட்டிச் சிரித்தான்.

றிஸ்மியா வாப்பாவைப் பார்த்தாள். “நீங்களும் சிரிச்சீங்களா வாப்பா?”

முபாரிஸ் சோற்றைப் பிசைந்தான்.

“ரோட்டால போறவன் பாப்பான் எண்டுதானே மதில் கேக்குறாங்க. பாக்குறவன்ட கண்ணுக்குக் கட்டச் சொல்லுங்களேன் மதில. அதுக்குச் சீமெந்து கொஞ்சந்தான் போகும்.”

வாப்பாவிடம் இப்படிக் கதைக்கிறாளே என்று ஷம்லா அதட்டினாள். முபாரிஸ் கை கழுவிவிட்டு வெளியே போனான். அவனுக்குக் கோபமா வெட்கமா என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் மதில் எழும்பப் போவதில்லை.

ஓட்டம் போனது. படுக்கையாவது மிஞ்சுமா என்பதுதான் பிறகு அவளுக்கு இருந்த ஒரே கவலை. அதுவும் மிஞ்சவில்லை. தனியாக உரல் பிடித்ததில் ஷம்லாவின் மணிக்கட்டு வீங்கியது. ஹோட்டல்காரர்கள் பெட்டி குறைகிறது என்று முணுமுணுத்தார்கள். இன்ஷாப்பை எழுப்பிப் பார்த்தாள். நான் என்ன பொம்பளயா இடியப்பம் புழிய என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அப்படிச் சொன்னதில் அந்த வீட்டில் யாரும் பிழை காணவில்லை. சித்தி மரியம் வந்து, டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவார்கள், அவர்களா வந்து பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாள். அடுத்த விடியலுக்கு முன் ஷம்லாவின் வீங்கிய கை மகளின் தோளைத் தொட்டது. றிஸ்மியா அந்தக் கையைப் பார்த்தாள். எழும்பினாள். டொக்டரின் வாக்குக்கும் அந்தக் கைக்கும் நடுவில் அவள் வேறு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு ஒரு நாள் வந்தது. நோன்பு விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. உம்மா தோளைத் தொட்டாள், உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். றிஸ்மியா அசையவில்லை. மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சுபஹு போனது, வெயில் ஏறியது, பிள்ளை எழும்பவில்லை. ஹோட்டல்களுக்குப் பாதிப் பெட்டிதான் போனது. ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். வெள்ளை றிஸ்மியாவின் உம்மா, பெரிய மரத்தடியால் தலை விரித்துப் போயிருப்பாள் என்றாள். ஜின் பார்த்திருக்கும் என்று சித்தி மரியம் உறுதியாகச் சொன்னாள். ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து, தண்ணீர் ஓதி முகத்தில் அடித்தார்கள்.

றிஸ்மியா கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றி இத்தனை முகங்களைக் கண்டு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நித்திர கொண்டன்,” என்றாள். “வேற ஒண்டுமில்ல. நித்திரதான் கொண்டன்.”

நம்புவதற்கு ஆள் இல்லை. ஒரு குமருப் பிள்ளை களைத்துப்போய் உறங்கினாள் என்பதை விட, ஒரு ஜின் புத்தளம் டவுணையெல்லாம் தாண்டி வந்து இந்த ஒழுங்கையில் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தது என்பதுதான் அவர்களுக்கு நம்பச் சுலபமாக இருந்தது. அவள் உம்மாவைத் தேடினாள். டொக்டருக்கு முன்னால் இருந்து அத்தனையையும் கேட்டவள் உம்மா ஒருத்திதான். ஷம்லா கதவோரத்தில் நின்று, வீங்கிய மணிக்கட்டை மற்றக் கையால் தடவிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓதிய கயிறு றிஸ்மியாவின் கழுத்தில் ஏறியது. இனி நேரத்துக்கு எழும்புவாள் என்று சொல்லிவிட்டு ஓதினவர் போனார். எழும்பினாள்தான். கயிற்றால் இல்லை; கதவோரத்தில் நின்ற உம்மாவைப் பார்த்ததிலிருந்து அவள் தானாகவே எழும்பத் தொடங்கினாள். யாரும் கூப்பிடவேண்டியிருக்கவில்லை.

பெருநாள் முடிந்து வளைவு திறந்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய விருந்தாளி ஒருவர் வந்தார். மைதானத்தில் பந்தல். வருகிறவர்களுக்கு அத்தரும் பேரீச்சம்பழமும் கொடுக்கப் பெண்பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் ரோட்டால் போகிறவர்கள் பார்ப்பது ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை. றிஸ்மியா வரிசையின் கடைசியில் நின்றாள். விடியலுக்கு முன் விழாவுக்கான இடியப்பத்தையும் சேர்த்துப் புழிந்துவிட்டு வந்திருந்தாள். மைதானத்தில் அவள் கால் வைத்து எவ்வளவோ காலம். தரையில் சுண்ணாம்பால் நீள நீளமாகக் கோடு போட்டிருந்தது. அது ஓடுவதற்கு என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு விருந்தாளிகளின் வாகனங்கள் ஒவ்வொன்றாக வந்து அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றன.

விருந்தாளி ஆரோக்கியமான சந்ததி என்ற தலைப்பில் பேசினார். இக்காலத்துப் பெண்பிள்ளைகள் உடம்பை வளைத்து ஒரு வேலை செய்வதில்லை என்றும், விடிந்த பிறகும் உறங்குகிறார்கள் என்றும், அதனால்தான் இளம் வயதிலேயே ஊதிப்போய் வியாதிக்காரர்களாக ஆகிறார்கள் என்றும் சொன்னார். அபிவிருத்திச் சங்கத்தார் தலையாட்டினார்கள். முபாரிஸும் ஆட்டினான். பெண்கள் பகுதியில் இருந்த சித்தி மரியம் கழுத்தை நீட்டி மருமகளைத் தேடினாள். கேட்டுக்கொண்டாளா என்று பார்ப்பதற்காக.

சுண்ணாம்புக் கோட்டின் மேல், தட்டை நெஞ்சோடு அணைத்தபடி, றிஸ்மியா நின்றவாக்கில் உறங்கிக்கொண்டிருந்தாள்.